வயிற்றுக் குளிருக்குச் சீன மருந்து: லி ஜோங் வான் சாப்பிட்டவர்கள் இருக்கிறீர்களா?

தெம்பனீஸ்மலர்

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை ஆண்டாக வயிற்றோடு போராடிக்கொண்டிருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. காலையில் எழுந்ததும் தண்ணீராகப் போகிறது. மதியம் ஒரு பிடி சோறு உண்டாலும் நெஞ்சுக்குழிக்குக் கீழே கல்லை வைத்தது போல் கனக்கிறது. தர்பூசணி, ஐஸ் போட்ட பானம், குளிர்ந்த தயிர் என்று எது உள்ளே போனாலும் அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிசைகிறது. வாயில் சுவையற்ற நீர் ஊறுகிறது. சுடுநீர்ப் பையை வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்தால்தான் அடங்கும். சிங்கப்பூர் வெயிலிலும் கை கால் சில்லென்றே இருக்கின்றன.

பலதுறை மருந்தகத்தில் காட்டினேன். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பிக் குழாய் விட்டும் பார்த்தார்கள். புண் இல்லை, கிருமியும் இல்லை. செயல்பாட்டு அஜீரணம் என்று சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை எட்டு வாரம் கொடுத்தார்கள். எரிச்சல் இருந்தால்தானே அது கேட்கும்? எனக்கு எரிச்சலே கிடையாது.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி என் நிலையைப் பார்த்துவிட்டு, தான் போகும் பதிவுபெற்ற சீன வைத்தியரிடம் அழைத்துப் போனார். வைத்தியர் முதலில் மருத்துவமனை அறிக்கையை வாங்கிப் படித்தார். பிறகு ஒரு சிறு மெத்தை மேல் என் மணிக்கட்டை வைத்து, மூன்று விரல்களால் நெடுநேரம் நாடி பார்த்தார்; முதலில் இடக்கை, பிறகு வலக்கை. நாக்கைக் கைப்பேசியில் படமெடுத்து எனக்கே காட்டினார். வெளிறித் தடித்திருந்தது. ஓரம் முழுக்கப் பல் பதிந்த தடங்கள், பிறை பிறையாக. நாற்பத்து மூன்று ஆண்டுகளாக என் வாய்க்குள் இருப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவர் கேட்ட கேள்விகள் இன்னும் மனத்தில் நிற்கின்றன. வலிக்கும்போது வயிற்றை அழுத்தினால் இதமா, தொட்டாலே எரிச்சலா? தாகம் எடுத்தால் சூடான தண்ணீர் கேட்கிறதா, குளிர்ந்ததா? போவதில் நாற்றம் கடுமையா, இல்லையா? கடைசியில், “மண்ணீரலும் இரைப்பையும் பலவீனம், உள்ளே குளிர்” என்றார். லி ஜோங் வான் என்ற பழைய மருந்தை அடிப்படையாக வைத்து, கஷாயத்தை வற்றவைத்துச் செய்த பொடி கொடுத்திருக்கிறார். நாளைக்குத் தொடங்குகிறேன்.

சாப்பிட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், மண்ணீரலுக்கும் செரிமானத்துக்கும் என்ன தொடர்பு? என் ஸ்கேனில் மண்ணீரல் நன்றாகத்தான் இருக்கிறது.

ஈப்போகுணா

மலர், நான் சீனத் தொடக்கப்பள்ளியில் படித்தவன். என் மாமனார் வீட்டில் இந்த மருந்து எப்போதும் அலமாரியில் இருக்கும். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர்கள் ‘பி’ என்று சொல்வதை மேல்நாட்டு மொழிகளில் மண்ணீரல் என்று பெயர்த்துவிட்டார்கள். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வைத்தியர் சொல்லும் பி, ஸ்கேனில் தெரியும் உறுப்பு மட்டுமல்ல. உண்டதைச் சாரமாக மாற்றி உடம்பெங்கும் அனுப்பும் வேலை முழுவதற்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. இரைப்பை பானை, பி அதைச் சமைத்துப் பரிமாறும் கை, அடியில் எரிவது உடம்பின் வெப்பம். அடுப்பு மங்கினால் உலை கொதிக்காது. அரிசி வேகாமல் அப்படியே இறங்கும். உங்கள் காலைத் தொல்லையை அவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

‘லி’ என்றால் ஒழுங்குபடுத்துதல், ‘ஜோங்’ என்றால் நடு, ‘வான்’ என்றால் உருண்டை. உடம்பின் நடுப்பகுதியைச் சீராக்கும் உருண்டை என்று கொள்ளலாம். உள்ளே நான்கே சரக்குகள்: ஜின்செங், சுக்கு, பாய் ஜூ என்ற கிழங்கு, வறுத்த அதிமதுரம். நான்கும் சம எடை. அடுப்பை மூட்டுவது சுக்கு, வலுவூட்டுவது ஜின்செங், ஈரத்தை வாங்குவது பாய் ஜூ, எல்லாவற்றையும் இசைய வைப்பது அதிமதுரம்.

கேள்விக்காரன்

மலர் அம்மாவுக்கு நலமாக வேண்டும் என்றே விரும்புகிறேன், அதனால்தான் கேட்கிறேன். உள்ளே குளிர் என்றால் என்ன? எல்லார் வயிற்றிலும் ஏறக்குறைய 37 டிகிரிதான். ஐஸ் தண்ணீர் குடித்தாலும் சிறிது நேரத்தில் உடம்பு அதைத் தன் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அளக்க முடியாத குளிருக்கு மருந்து கொடுத்தால், மருந்து வேலை செய்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

ஈப்போகுணா

நியாயமான கேள்வி. குளிர் என்பது இங்கே வெப்பமானி காட்டும் எண் அன்று. அறிகுறிகளின் கூட்டத்துக்கு வைத்த பெயர். சூடு பட்டால் இதம், குளிர் பட்டால் தொல்லை, அழுத்தினால் நிம்மதி, தெளிந்த உமிழ்நீர், நீராகப் போதல், வெளிறிய நாக்கு, மெதுவான ஆழ்ந்த நாடி ஆகியவை சேர்ந்து வந்தால் ‘வெறுமையும் குளிரும்’ என்று முடிவு செய்கிறார்கள். புளிப்பு ஏப்பம், வாய் நாற்றம், சிவந்த நாக்கில் மஞ்சள் படிவு, குளிர்ந்த தண்ணீருக்கு ஏங்கும் தாகம் ஆகியவை வந்தால் அது வேறு கூட்டம், வேறு மருந்து. அந்த ஆளுக்கு லி ஜோங் வான் கொடுத்தால் எரிகிற வீட்டில் விறகு போட்டது போலாகும். ‘வயிற்று வலிக்கு மருந்து’ என்று அவர்கள் மரபில் ஒன்று கிடையாது. யாருடைய வயிறு, எப்படிப்பட்ட வலி என்று கேட்ட பிறகுதான் மருந்து.

இந்த மருந்தின் மூலத்தையும் சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஹான் பேரரசின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவரின் நூலில் இது வருகிறது. அவர் தம் முன்னுரையில் குடும்பத்தின் கதையை எழுதியிருக்கிறார். இருநூறு பேருக்கு மேல் இருந்த குலம். 196இல் ஜியான்ஆன் ஆட்சிக்காலம் தொடங்கிப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை, மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துவிட்டார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் குளிர்க் காய்ச்சலில் போனவர்கள். அந்தத் துக்கத்தில் இருந்துதான் பழைய ஏடுகளைத் தேடி அந்த நூலை எழுதினார்.

மருந்துக் குறிப்பைப் படித்தால் ஒரு வீட்டுக்குள் நுழைந்தது போல் இருக்கும். நான்கு சரக்கையும் இடித்துச் சலித்துத் தேனில் பிசைந்து, கோழி முட்டையின் மஞ்சள் கரு அளவுக்கு உருட்ட வேண்டும். கொதிநீரில் ஓர் உருண்டையைக் கரைத்து வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும்; பகலில் மூன்று நான்கு முறை, இரவில் இரண்டு முறை. வயிற்றுக்குள் இன்னும் சூடு வரவில்லையா, மூன்று நான்கு உருண்டை வரை கூட்டலாம். ஆனாலும் உருண்டை கஷாயத்துக்கு ஈடாகாது என்று அவரே சொல்லிவிடுகிறார். கஷாயம் குடித்து ஒரு வேளை உணவு உண்ணும் நேரம் கழிந்ததும், ஒரு ஷெங் அளவுக்குச் சூடான கஞ்சி குடிக்க வேண்டும். அந்தக் காலத்து ஷெங் ஏறக்குறைய 200 மில்லி. பிறகு போர்வையை விலக்காமல், உடம்பு தானாகச் சூடேறும் வரை கிடக்க வேண்டும்.

கேள்விக்காரன் ஐயா, எதை வைத்துச் சொல்வது என்று கேட்டீர்களே. ‘வயிற்றுக்குள் சூடு வரவில்லையென்றால்’ என்ற அந்த வரிதான் அவருடைய அளவுகோல். நோயாளியின் வயிற்றையே சாட்சிக்கு அழைக்கிறார். உங்களுக்கு அது போதாது என்பது தெரியும். ஆனால் அளவுகோலே இல்லாமல் கொடுத்தார் என்று சொல்ல முடியாது.

கஞ்சியை மறந்துவிடாதீர்கள், மலர். இன்று பொடியை வாங்கி ஐஸ் மைலோவோடு விழுங்குகிறவர்களைப் பார்க்கிறேன். பாதி மருந்து கஞ்சியில் இருக்கிறது.

சுக்குக்கசாயம்

நான் திருநெல்வேலிப் பக்கம் சித்த மருத்துவம் படிக்கும் மாணவி. குணா அண்ணன் எழுதியதைப் படித்ததும் சுக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இஞ்சியும் சுக்கும் ஒரே கிழங்குதான் என்றாலும் நம் மருத்துவத்தில் ஒரே மருந்தாக எண்ணுவதில்லை. காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு என்று நேரத்தையே பிரித்து வைத்திருக்கிறார்கள். சீனரும் அப்படித்தான். பச்சை இஞ்சிக்கு அவர்களிடம் ஷெங் ஜியாங் என்று பெயர். வாந்தியை நிறுத்தவும் மேலுக்கு வந்த குளிரை வியர்வையாக வெளியேற்றவும் அது. சுக்குக்குக் கான் ஜியாங் என்று பெயர்; நடு வயிற்றைச் சூடாக்க அது. மேல் தோல் கருகும்வரை வறுத்த இஞ்சி ஒன்றும் உண்டு. அது இரத்தப் போக்குக்கு.

இதற்கு வேதியியலிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், உலரும்போதும் சூடேறும்போதும் நீர் இழந்து ஷோகாலாக மாறுகிறது. அதன் காரம் இன்னும் கூர்மை. ஷோகா என்பது இஞ்சிக்கு ஜப்பானியப் பெயர். அதிலிருந்தே அந்தப் பெயரை வைத்தார்கள். சுக்கை மென்றால் காரம் நாக்கில் நிற்காமல் நெஞ்சுக்குள் இறங்குவதை நாம் எல்லாரும் உணர்ந்திருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. செரிமானத்துக்கான சீன மருந்துகளில் மு ஷியாங் என்ற வேர் அடிக்கடி வரும். நம் நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று விற்பதுதான் அது. இமயமலைச் செடி. முன்பு இந்தியாவிலிருந்து கப்பலில் குவாங்ஜோ துறைமுகத்தில் இறங்கியதால் அவர்கள் அதைக் குவாங் மு ஷியாங் என்றார்கள். இப்போது யுன்னான் மாகாணத்தில் அவர்களே பயிரிடுகிறார்கள்.

ரவிஒசாகா

ஒசாகாவில் மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். இங்கே நிலைமை வேறு. சீனாவிலிருந்து வந்த இந்த மருந்துகளைக் கம்போ என்று அழைக்கிறார்கள். 1976இல் பெரிய அளவில் அரசுக் காப்பீட்டில் சேர்த்தார்கள். நவீன மருத்துவம் படித்த மருத்துவரே எழுதிக் கொடுப்பார். பொட்டலத்தின் மேல் பெரிதாக ஓர் எண் இருக்கும். நோயாளிகள் பெயரை விட எண்ணைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

43ஆம் எண் ரிக்குன்ஷிதோ. லி ஜோங் வானின் நெருங்கிய உறவு என்று சொல்லலாம். ஜின்செங், பாய் ஜூ, அதிமதுரம் ஆகிய மூன்றும் இதிலும் உண்டு. சுக்குக்குப் பதில் பச்சை இஞ்சி. கூடவே பைன் மர வேரில் வளரும் ஃபூ லிங் என்ற பூஞ்சை, ஆரஞ்சுத் தோல், பான் ஷியா என்ற கிழங்கு, இலந்தை. குளிர் குறைவாகவும், சாப்பிட்டதும் வயிறு நிறைந்து குமட்டுவது அதிகமாகவும் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

கேள்விக்காரன் கேட்பதற்கு இதில் கொஞ்சம் விடை இருக்கிறது. மலர் அக்காவுக்குச் சொன்ன அதே செயல்பாட்டு அஜீரணத்தில், ரிக்குன்ஷிதோவை, மருந்துச் சரக்கு எதுவும் இல்லாத போலி மருந்தோடு ஒப்பிட்டு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2014இல் வந்த ஆய்வில், ஒட்டுமொத்த நிவாரணத்தில் மருந்து முன்னால் நின்றாலும் வேறுபாடு ஐயமறத் தெளிவாகவில்லை. பின்னர் வந்ததில் பலன் தெளிவாகத் தெரிந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்புநீரோடு இதற்குத் தொடர்பு இருப்பதாகவும் ஆராய்ந்திருக்கிறார்கள். அற்புதம் என்று சொல்ல மாட்டேன், வெறும் நம்பிக்கை என்றும் தள்ள மாட்டேன்.

100ஆம் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பெயர் தைகென்ச்சூதோ: மிளகு வகை ஒன்று, சுக்கு, ஜின்செங், மால்ட் பாகு. வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்குக் குடல் மீண்டும் அசைய இங்கே மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். இதுவும் குணா அண்ணன் சொன்ன ஜாங் ஜோங்ஜிங்கின் மருந்துதான்.

ஈப்போகுணா

ரவி, அந்த மருந்துக்கு மூலத்தில் வரும் வரியை மறக்கவே முடியாது. கடுங்குளிர் வலி, வாந்தி, ஒன்றும் உண்ண முடியாது. வயிற்றுத் தோல் எழும்பி எழும்பி அடங்கும், தலையும் காலும் உள்ள ஏதோ ஒன்று உள்ளே நகர்வது போல. கை வைத்துத் தொடக்கூட முடியாது. குடல் அடைத்துச் சுருண்டு நெளிவதைப் பார்த்தவர் எழுதிய வரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை இன்று அறுவை முடிந்த குடலுக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கு மெய் சிலிர்த்தது.

தெம்பனீஸ்மலர்

பதினெட்டு நாள் ஆயிற்று. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

முதல் நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. பொடி முதலில் இனிக்கிறது, பிறகு கசக்கிறது, கடைசியில் சுக்கின் காரம். குணா அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு கஞ்சியைச் சேர்த்துக்கொண்டேன். காலை ஆறு மணிக்குப் பொடியைச் சூடான நீரில் கரைத்துக் குடிக்கிறேன். அரை மணி கழித்து, குழைந்த அரிசிக் கஞ்சியை ஒரு பீங்கான் நிறையக் குடித்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, சேலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, தொப்புளுக்கு மேலே ஓர் இளஞ்சூடு பரவியது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெளியே தோல் எப்போதும் போலத்தான் இருந்தது. சூடு உள்ளேதான். அன்று அழுதுவிட்டேன்.

இப்போது காலையில் ஒரு முறைதான் போகிறேன், அதுவும் கட்டியாக. கனம் பாதி குறைந்திருக்கிறது. ஐஸ், பச்சைக் காய்கறி, தர்பூசணி, வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் வைத்தியர் நிறுத்தச் சொல்லிவிட்டார். கேள்விக்காரன் தம்பி, மருந்தா, கஞ்சியா, ஐஸை நிறுத்தியதா என்று நீங்கள் கேட்பீர்கள். என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

கேள்விக்காரன்

அதைத்தான் கேட்க இருந்தேன். பிரிக்க முடியாது என்று நீங்களே எழுதியது எனக்குப் போதும். நலமாக இருப்பதில் மகிழ்ச்சி, அம்மா.

புதியவன்88

எனக்கும் இதே தொல்லை. ஃபூ ஸி கலந்த லி ஜோங் இன்னும் வலுவானது என்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிறது. நேராக அதையே வாங்கலாமா?

தாதிஅன்னம்

வேண்டாம். தயவுசெய்து கொஞ்சம் பொறுத்து, இதை முழுவதும் படியுங்கள்.

ஃபூ ஸி என்பது வச்சநாபி இனத்துச் செடியின் பக்கக் கிழங்கு. பச்சையாக இருந்தால் கொடிய நஞ்சு. உப்புநீரில் ஊறவைத்து, வேகவைத்து, பல முறை நீர் மாற்றிப் பக்குவம் செய்த பிறகுதான் மருந்தாகிறது. அதன் பிறகும் கஷாயத்தில் மற்றச் சரக்குகளைப் போடும் முன் அதைத் தனியாக நெடுநேரம் கொதிக்க விடுவார்கள். பக்குவத்தில் குறை இருந்தாலோ அளவு மிஞ்சினாலோ, முதலில் நாக்கும் உதடும் மரத்துப்போகும். பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். அப்படி வந்த ஒருவரை அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். உதட்டைத் தட்டித் தட்டி, “இங்கே எதுவும் தெரியவில்லை” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இயந்திரத் திரையில் கோடு தறிகெட்டு ஓடியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. தேர்ந்த சீன வைத்தியர் தேவைப்படும்போது இதைக் கொடுப்பார். நீங்களாக இணையத்தில் வாங்கும் பொருள் அன்று இது.

ஃபூ ஸி இல்லாத சாதாரண லி ஜோங்கிலும் கவனம் வேண்டும். அதிமதுரம் நாள்பட உண்டால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் ஏறும். நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மருந்தோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் ஜின்செங்கைத் தொடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் அப்படியே.

எடை குறைகிறதா, விழுங்கச் சிரமமா, கறுப்பாகத் தார் போலப் போகிறதா, இரத்தச் சோகையா, இரவில் வலி எழுப்புகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவமனை. நாக்கைக் காட்டுவது அதன் பிறகு.

மலர் குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான் சீன வைத்தியரிடம் போனார் என்பதை எல்லாரும் கவனியுங்கள்.

தைபேஇளங்கோ

தைவானில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். வீரியமான மருந்தைத் தேடுகிற புதியவன்88க்கு ஒன்று சொல்கிறேன். இங்கே இரவுச் சந்தையில் ஸி ஷென் தாங் என்று ஒரு சூப் கிடைக்கும். தாமரை விதை, நீரல்லி விதை, ஷான் யாவ் என்ற வள்ளிக்கிழங்கு வகை, ஃபூ லிங் ஆகிய நான்கு சரக்குகளைப் பன்றிக் குடலோடு சேர்த்து வேகவைக்கிறார்கள். பல கடைகளில் ஃபூ லிங் குறைந்து வெள்ளைக் குன்றிமணி போன்ற ஒரு தானியம் நிறைய இருக்கும். வெண்மையான, வெதுவெதுப்பான, மண் வாசனை கொண்ட சூப். பி பலவீனம் என்று வைத்தியர் சொன்னவரும் குடிப்பார், பசித்தவரும் குடிப்பார். இறைச்சி உண்ணாத நான் வீட்டில் கிழங்கையும் தாமரை விதையையும் மட்டும் அரிசியோடு குழைய வேகவைத்துக்கொள்கிறேன். தேர்வுக் காலத்தில் என் வயிறு அதை ஏற்றுக்கொள்கிறது.

பழையகடைத்தெரு

சீன மருத்துவத்துக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கும் உள்ள உறவு புதிதன்று. 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக நாடி பார்த்து மருந்தும் கொடுத்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தா அங்கே போய் வந்ததை அப்பா சொல்லியிருக்கிறார். மொழி தெரியாது, வயிற்றைத் தொட்டுக் காட்டினாராம், வைத்தியர் நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னாராம்.

ஈப்போகுணா

அழகான நினைவு. நன்றி.

தைபே இளங்கோ உணவைப் பற்றி எழுதியதால் லி டோங்யுவானைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1180இல் பிறந்தவர். 1232இல் மங்கோலியர் கைஃபெங் நகரை முற்றுகையிட்டபோது அவர் அந்த நகரில் இருந்தார். முற்றுகை விலகியதும் கொள்ளைநோய் வந்தது. நகருக்குப் பன்னிரண்டு வாயில்கள். ஒவ்வொரு வாயில் வழியாகவும் நாளொன்றுக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரை பிணங்கள் போயின என்றும், மூன்று மாதம் அப்படியே நடந்தது என்றும் எழுதியிருக்கிறார். மற்ற மருத்துவர்கள் வெளியிலிருந்து வந்த குளிர் என்று வியர்க்க வைத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், மக்கள் இறந்தார்கள். இவர் வேறொன்றைக் கண்டார்: மாதக்கணக்கில் பட்டினி, அச்சம், உறக்கமில்லாத உழைப்பு; முற்றுகை விலகியதும் வயிறு முட்டச் சாப்பாடு. நடு உறுப்பு முன்பே உடைந்திருந்தது. உடைந்த வயிற்றை மேலும் அடித்தால் என்ன ஆகும்? 1249இல் அவர் எழுதி முடித்த நூலுக்கு ‘மண்ணீரலும் இரைப்பையும் பற்றி’ என்றே பெயர். வயிறு சரியில்லை என்று வருகிறவரிடம் சீன வைத்தியர் தூக்கத்தையும் கவலையையும் பற்றிக் கேட்கிறாரே, அதன் வேர்களில் ஒன்று கைஃபெங்கின் வாயில்களில் இருக்கிறது.

தெம்பனீஸ்மலர்

ஒரு மாதமாக இங்கே வரவில்லை. எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

ஜொகூரில் இருக்கும் என் அண்ணன் லாரி ஓட்டுகிறார். முதுகு வலிக்குத் தினமும் வலிமாத்திரை போடுவார். அவருக்கும் வயிற்று வலி இருந்திருக்கிறது. பசித்தால் வலிக்கும், ஏதாவது உண்டால் அடங்கும், சுடுநீர் இதமாக இருக்கும். இந்த இழையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, “என் வயிறும் தங்கச்சி வயிறு மாதிரிதான்” என்று முடிவு செய்து, தானே லி ஜோங் வான் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். யாரிடமும் நாக்கைக் காட்டவில்லை, யாரும் அவருடைய நாடியைத் தொடவில்லை. வலி கொஞ்சம் குறைந்தது போல் இருந்ததால் ஆறு வாரம் அப்படியே ஓட்டிவிட்டார். கறுப்பாகப் போனதைக்கூட மருந்தின் நிறம் என்று நினைத்திருக்கிறார்.

ஒரு நாள் விடியற்காலை குளியலறையில் மயங்கி விழுந்தார். அண்ணி கதவை உடைத்துத்தான் தூக்கியிருக்கிறார். முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து இரத்தக் கசிவு. இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். கிருமியும் இருந்தது.

இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அவர் மருத்துவமனைப் படுக்கையில் கைப்பேசியைத் திறந்து, “நீ எழுதியதுதான்” என்று இந்தப் பக்கத்தை என்னிடம் காட்டினார். குறை சொல்லிக் காட்டவில்லை, பாசத்தோடு காட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தாதிஅன்னம்

மலர், உங்களையே குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள். அண்ணன் பிழைத்தார், அதுதான் பெரிது.

மற்றவர்களுக்காக எழுதுகிறேன். உண்டால் அடங்கும் பசி வலி முன்சிறுகுடல் புண்ணின் வழக்கமான அடையாளம். சீன மருத்துவத்தில் வெறுமைக் குளிருக்கும் ஏறக்குறைய அதே அடையாளத்தைச் சொல்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே இருக்கும் புண்ணை நாக்கு காட்டாது, குழாய்தான் காட்டும்.

கேள்விக்காரன்

அண்ணன் நலம் பெற்றதில் நிம்மதி. அந்தக் கிருமியின் கதையையும் இங்கே பதிந்துவிடுகிறேன். காரம், கவலை, அமிலம்தான் புண்ணுக்குக் காரணம் என்று நவீன மருத்துவமும் நெடுங்காலம் நம்பியது. 1982இல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். பலர் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த குழம்பைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அண்ணனுக்கு இரண்டு வாரம் மாத்திரை கொடுத்திருப்பார்கள். ஒரு வேளையும் விடாமல் முடிக்கச் சொல்லுங்கள். நாலாம் நாள் வலி போய்விட்டது என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம்.

ஈப்போகுணா

மலர், இரண்டு நாளாக என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். மருந்தைப் பற்றி இவ்வளவு ஆசையாக எழுதியவன் நான். யாருடைய வயிறு என்று கேட்காமல் மருந்து இல்லை என்று எழுதியவனும் நானே. ஆனால் அந்த ஒரு வரியை நீண்ட பதிவின் நடுவில் வைத்துவிட்டேன். உங்கள் அண்ணன் கண்ணில் சரக்குகளின் பட்டியல் பட்டிருக்கிறது, அந்த வரி படவில்லை. நெறியாளர்களிடம் கேட்டிருக்கிறேன்: தாதி அன்னம் எழுதிய எச்சரிக்கையை இழையின் உச்சியில் நிறுத்தப் போகிறார்கள். என் பதிவுகள் அதற்குக் கீழே இருக்கட்டும்.

புதியவன்88

நான் எதையும் வாங்கவில்லை. நாளை மறுநாள் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அன்னம் அக்காவுக்கு நன்றி.

தெம்பனீஸ்மலர்

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் பதினான்கு நாள் மாத்திரையையும் ஒரு வேளை விடாமல் முடித்துவிட்டார். கிருமி போய்விட்டதா என்று அடுத்த மாதம் மூச்சுச் சோதனை. முதுகுக்கு வேறு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் போனேன். என் வைத்தியரிடம் முன்பே அண்ணனின் அறிக்கையைக் காட்டிக் கேட்டிருந்தேன். இப்போதைக்கு எந்த மூலிகையும் வேண்டாம், சுக்கும் வேண்டாம், மருத்துவமனை மருந்து மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். அதனால் வெறும் கஞ்சிதான் வைத்தேன். அரைத் தம்ளர் பச்சரிசிக்கு ஐந்து தம்ளர் தண்ணீர், சிறு தீயில் ஒன்றரை மணி நேரம், கரண்டியால் மசித்து, ஒரு சிட்டிகை உப்பு. அண்ணன் இரண்டு முறை வாங்கிக் குடித்தார். அண்ணி அளவைக் கேட்டு அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். அதன் கீழே, “அறிக்கை பார்க்காமல் வேறு எதுவும் சேர்க்காதே” என்று நான் சிவப்பு மையில் எழுதிவிட்டு வந்தேன்.